வெளியே சாப்பிடும்போது வயிறு கெடாமல் இருக்க: எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

உணவகத்தில் உட்கார்ந்ததும் டிஷ்யூவை எடுத்துக் கரண்டியை அழுந்தத் துடைப்பார்கள். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். அதன்பிறகு, சமைத்துப் பல மணி நேரமாக வெதுவெதுவென்று காத்திருக்கும் சோற்றை ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பிடுவார்கள். பயணக் குழுக்களுக்குச் சாப்பாட்டு ஏற்பாடு பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி என்பதால், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள் என்று தெரியும். பயம் நிறைய இருக்கிறது, அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

உணவக உணவு வயிற்றைக் கெடுப்பதற்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம். சமைத்த உணவு வெதுவெதுப்பான சூட்டில் நெடுநேரம் கிடந்திருக்கும், நோயாளியின் கையோ கழுவாத கையோ அதைத் தொட்டிருக்கும், அல்லது சரியாக வேகாமல் தட்டுக்கு வந்திருக்கும். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த மூன்றையும் வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கானவை. வரிசையை மாற்றாதீர்கள். உட்காரும் முன் சந்தேகம் வந்தால் எழுந்து போக வேண்டிய தேவைகூட இல்லை, வாசலோடு திரும்பிவிடலாம். சாப்பிட்டு முடித்தபின் வரும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

1. கிளம்பும் முன்: யார் சாப்பிடப் போகிறார்கள்?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், புற்றுநோய் சிகிச்சையிலோ நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளிலோ இருப்பவர்கள்: இவர்களில் ஒருவர் கூட இருந்தாலும் கீழே சொல்லப்போகும் ‘தவிர்க்கலாம்’ எல்லாம் ‘தவிர்க்க வேண்டும்’ ஆகிவிடும். திடமான ஆளுக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற கிருமி, இவர்களை மருத்துவமனையில் படுக்க வைக்கும்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரக்கூடியது; தாய்க்கு லேசான காய்ச்சலோடு விட்டுவிட்டுக் கருவைப் பாதிக்கக்கூடியது. அதனால் காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ், சூடாக்காமல் பரிமாறும் பதப்படுத்திய இறைச்சி, முன்கூட்டியே நறுக்கிக் குளிரில் வைத்த சாலட் ஆகியவை அவர்களுக்கு வேண்டாம். ‘ஃபிரிட்ஜில்தானே இருந்தது’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

2. பையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்ன சோப்பு அல்லது சோப்புத் தாள், கை துடைக்கச் சுத்தமான துணி, மூடி திறக்காத ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் (பேதியில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் தூள்). அவ்வளவுதான்.

சானிடைசர் வேண்டாமா என்று கேட்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சோப்புக்கு மாற்றாக நினைக்காதீர்கள். எண்ணெயும் அழுக்கும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. வாந்தியும் பேதியும் வேகமாகப் பரவக் காரணமான நோரோவைரஸை ஆல்கஹால் சானிடைசர் நம்பும்படி அழிப்பதில்லை. அந்த வைரஸ் போக வேண்டுமென்றால் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் நீரில் கழுவித்தான் ஆக வேண்டும்.

3. எந்த நேரத்தில் போவது?

கூட்டம் உள்ள நேரத்தில் போங்கள். கூட்டம் இருந்தால் செய்த உணவு உடனே தீரும், அடுத்த சட்டி ஏறும். ஈ ஓட்டும் நேரத்தில் போனால், முந்தைய வேளையில் மிஞ்சியது உங்களுக்கு வர வாய்ப்பு அதிகம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு. திருவிழா நாள்போல ஓர் உணவகம் தன் சக்திக்கு மீறி நிரம்பி வழியும்போது பாத்திரம் கழுவுவதிலும் வேக வைப்பதிலும் அவசரம் புகுந்துவிடும். மேசைகள் துடைக்கப்படாமல் எச்சில் தட்டுகள் குவிந்து கிடந்தால், உள்ளேயும் அதே கதைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பசி முற்றும்வரை இடம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். முதலில் பறப்பது இந்தப் பட்டியல்தான்.

4. உட்காரும் முன் ஒரு சுற்று

நேராக மேசைக்குப் போகாமல் கழிவறைக்கோ கை கழுவும் இடத்துக்கோ போங்கள். அங்கே சோப்பு இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா? வாடிக்கையாளரின் கண்ணில் படும் இடத்திலேயே சோப்பு இல்லையென்றால், ஊழியர்கள் கை கழுவும் இடத்தில் இருக்கும் என்று நம்பக் காரணம் இல்லை. சில இடங்களில் இருவருக்கும் ஒரே கழிவறைதான். என்னைக் கேட்டால், இந்த ஒரு சோதனையில் தோற்றாலே வாசலோடு திரும்பிவிடலாம்.

அடுத்து, கைகளைக் கவனியுங்கள். பணம் வாங்கும் கையே உணவையும் எடுக்கிறதா? சமைப்பவரோ பரிமாறுபவரோ இருமுகிறாரா, விரலில் கட்டுப்போடாத புண் இருக்கிறதா? புண்ணிலும் மூக்கிலும் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உணவில் விழுந்து பெருகினால் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

கையுறையைப் பார்த்ததும் நிம்மதி அடைகிறவர்கள் அதிகம். கையுறை போட்ட கை பச்சைக் கோழியைத் தொட்டு, பிறகு ரொட்டியைத் தொட்டால், அது கழுவாத கையேதான். இன்னும் சொன்னால் கையுறை போட்டவருக்குக் கை பிசுபிசுப்பதே தெரியாது. அதனால் கழுவத் தோன்றாது. கையுறை இருக்கிறதா என்பதைவிட, அது எப்போது மாற்றப்படுகிறது என்பதைப் பாருங்கள்.

மூன்றாவது, மேசை துடைக்கும் துணி. ஒரே ஈரத்துணி எல்லா மேசைகளையும் சுற்றி வருகிறதென்றால் அது கிருமியைத் துடைக்கவில்லை, பங்கு வைக்கிறது. அதே துணியால் தட்டையும் துடைக்கிறார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள்.

பார்க்க வேண்டாதவை: பளபளக்கும் தரை, சுவர் ஓவியம், சீருடை, விலை. பழைய மேசையும் மங்கலான விளக்கும் உள்ள சின்ன இடம், கண்ணெதிரே கொதிக்கக் கொதிக்கச் சமைத்துக் கொடுத்தால், அலங்கார விடுதியின் ஆறிய விருந்தைவிட அது பாதுகாப்பானது.

5. மெனுவைப் படிக்கும் முறை

மெனு எவ்வளவு நீளம் என்று முதலில் பாருங்கள். சின்ன சமையலறை, பத்து மேசை, ஆனால் பக்கம் பக்கமாக உணவு வகைகள் என்றால், அதில் பாதிக்குமேல் அன்றாடம் விற்காது. விற்காத பொருள் எங்கேயோ காத்திருக்கிறது. அந்த இடத்தில் எது அதிகம் போகிறதோ அதையே கேளுங்கள். பக்கத்து மேசைகளை ஒரு நோட்டம் விட்டாலே தெரிந்துவிடும்.

பிறகு, சமைக்கும் முறையை வைத்துத் தேர்வு செய்யுங்கள். ஆர்டர் கொடுத்த பிறகு பொரிப்பது, வதக்குவது, கொதிக்க வைப்பது, சுடுவது ஆகியவை பாதுகாப்பான பக்கம். சந்தேகப் பக்கத்தில் இவை:

சோறு. இதை யாரும் சந்தேகிப்பதில்லை. அரிசியில் ஒட்டியிருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி வறுத்தாலும் அழியாது. ஆறிய சோற்றை எடுத்து வறுத்துச் செய்யும் உணவு, அதை எப்படி ஆற வைத்து எங்கே வைத்தார்கள் என்பதைப் பொறுத்தே நல்லதும் கெட்டதும் ஆகிறது.

கொத்திய இறைச்சி. முழுத்துண்டு மாட்டிறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், சூடு பட்டால் போய்விடும். கொத்தி அரைத்தால் மேற்பரப்பில் இருந்தது உள்ளே எங்கும் கலந்துவிடும். அதனால் உருண்டையோ தட்டையோ எந்த வடிவானாலும் நடுவரை வெந்திருக்க வேண்டும். கோழிக்கு முழுத்துண்டு, கொத்தியது என்ற வித்தியாசமே கிடையாது. எப்போதும் முழுதாக வேக வேண்டும்.

பச்சை முட்டை சேர்ந்தவை. அங்கேயே அடித்துச் செய்யும் மயோனைஸ், வேக வைக்காத இனிப்புக் கிரீம்கள். சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு இது பழகிய பாதை.

முளைகட்டிய பயறு, பச்சைச் சிப்பி. முளைக்க வைக்கும் ஈரமும் இளஞ்சூடும் பயறுக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு கிருமிக்கும் பிடிக்கும். கழுவினால் முழுக்கப் போகாது. சிப்பி, தான் வாழும் நீரை வடிகட்டிச் சாப்பிடும் உயிர். நீரில் கழிவு கலந்திருந்தால் அது சிப்பிக்குள் சேர்ந்திருக்கும்.

இலைக் காய்கறி சாலட் பற்றி ஒரே வரி: அதைக் கழுவிய தண்ணீரை நம்பினால் சாப்பிடுங்கள், இல்லையேல் வேண்டாம்.

6. சர்வரிடம் கேட்பது எப்படி?

‘இது ஃபிரெஷ்ஷா?’ என்று கேட்காதீர்கள். உலகத்தில் எந்த சர்வரும் ‘இல்லை’ என்று சொல்லப்போவதில்லை. பதிலில் தகவல் வரும்படி கேட்க வேண்டும்.

“இது வர எவ்வளவு நேரம் ஆகும்ங்க?” இதுதான் என் முதல் கேள்வி. கோழி முழுத்துண்டைப் புதிதாக வேக வைக்க நேரம் பிடிக்கும். ‘ரெண்டே நிமிஷம் சார்’ என்று பதில் வந்தால், அது ஏற்கெனவே வெந்து காத்திருக்கிறது என்று அர்த்தம்.

“இன்னைக்கு எது நிறைய போயிட்டு இருக்கு?” இரண்டாவது. “இதை அடுப்புல சூடாவே வச்சிருக்கீங்களா, கேட்டதும் சூடு பண்ணுவீங்களா?” மூன்றாவது. பதில் எதுவானாலும் முகம் சுளிக்காமல் கேளுங்கள். குற்றவாளியை விசாரிப்பதுபோலக் கேட்டால் பொய்தான் வரும். சிநேகமாகக் கேட்டால், ‘அது வேண்டாங்க, இதைச் சாப்பிடுங்க’ என்று சர்வரே காதோடு சொல்லிவிட்டுப் போவார்.

ஒவ்வாமை உள்ளவர்களின் கேள்விகள் வேறு. அவற்றைச் சமையல்காரரிடமே நேரில் கேட்பதுதான் சரி.

7. தண்ணீரும் ஐஸும்

ஊர்க் குழாய்த்தண்ணீரை அங்குள்ளவர்களே காய்ச்சாமல் குடிப்பதில்லை என்றால் நீங்களும் குடிக்காதீர்கள். பாட்டில் தண்ணீர் வாங்கினால் உங்கள் எதிரிலேயே மூடி உடைய வேண்டும். மூடி வளையம் முன்பே உடைந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பாட்டில் தண்ணீர் கேட்டு வாங்கி, அதில் ஐஸ் போட்டுக் குடிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தடுமாற்றம். உறைய வைப்பதால் கிருமி சாவதில்லை. தூங்குகிறது, உருகும்போது விழிக்கிறது. மதுவில் போட்டால் செத்துவிடும் என்பதும் நடக்காத காரியம். தண்ணீரை நம்ப முடியாத இடத்தில் ஐஸையும் நம்ப முடியாது. பழச்சாற்றில் கலக்கும் தண்ணீருக்கும் இதே கணக்குதான். ஆவி பறக்கும் டீயும் காபியும் கவலையில்லாதவை.

8. கை கழுவும் நேரம்

உள்ளே வந்ததும் கழுவிவிட்டு, பிறகு எல்லோரும் தொட்ட மெனு அட்டையைப் புரட்டி, நாற்காலியை இழுத்து, உணவு வரும்வரை போனைத் தடவிக்கொண்டிருந்தால் கழுவியதற்குப் பலன் இல்லை. ஆர்டர் கொடுத்து, போனைப் பைக்குள் போட்ட பிறகு எழுந்து போய்க் கழுவுங்கள். சோப்புப் போட்டு 20 விநாடி, விரல் இடுக்குகளும் நகக்கண்களும் சேர்த்து. கையால் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் படி மற்ற பல படிகளை விட முக்கியம்.

கரண்டியைத் துடைக்கும் விஷயத்துக்கு வருவோம். உலர்ந்து சுத்தமாக இருக்கும் கரண்டியை விட்டுவிடுங்கள். காய்ந்த உணவு ஒட்டியிருந்தால் துடைக்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். மேசையில் கொடுக்கும் வெந்நீரை ஊற்றிக் கழுவுவதால் தூசியும் பிசுக்கும் போகலாம். கிருமியைக் கொல்ல அந்தச் சூடும் போதாது, அந்த நேரமும் போதாது.

9. தட்டு வந்ததும்

முதல் வாய்க்கு முன் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள் அல்லது பிய்த்துப் பாருங்கள். ஓரம் கொதித்து நடு சில்லென்று இருந்தால், அது மைக்ரோவேவில் அவசரமாகச் சூடாக்கியது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது: வேகும்போது உள்ளே 70 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், சமைத்தபின் 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்க வேண்டும். இடைப்பட்டதுதான் ஆபத்து வட்டாரம். அங்கே சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் ஒன்று ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும்.

தெர்மாமீட்டரோடு யாரும் சாப்பிடப் போவதில்லை. வாய் வைக்க முடியாமல் ஊத வேண்டியிருந்தால் நல்லது. உடனே விழுங்க முடிகிற இளஞ்சூட்டில் வந்தால் கேள்வி கேளுங்கள்.

கோழியின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நன்கு வெந்த கோழிகூடச் சில வேளை எலும்போரம் சிவப்பாக இருக்கும்; வேகாத கோழியும் வெளுத்திருக்கலாம். சதை வழவழவென்று எலும்பை விட்டு வர மறுத்தாலோ, வடியும் சாறு கலங்கலாக இரத்த நிறத்தில் இருந்தாலோ திருப்பி அனுப்புங்கள். புதுத் தட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய தட்டில் பச்சைச் சாறு ஒட்டியிருக்கும்.

மீன் நாக்கில் மிளகுபோலச் சுள்ளென்று குத்தினால் உடனே நிறுத்திவிடுங்கள். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்தபின் குளிரில் வைக்காவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். சமைத்தாலும் போகாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முகம் சிவந்து, தலை வலித்து, உடல் அரிக்கும். ஒவ்வாமை என்று பலர் தவறாக எண்ணிக்கொள்வது இதைத்தான். மூச்சுத் திணறினால் பெயரைப் பற்றி யோசிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

‘வாசனை நன்றாகத்தானே இருந்தது’ என்று பிறகு சொல்வார்கள். நாற்றமும் புளிப்பும் உண்டாக்குவது பெரும்பாலும் உணவைக் கெடுக்கும் கிருமிகள். நோய் தருபவை எந்த வாசனையையும் காட்டாமல் இருக்கலாம். ஆகவே நாறினால் விட்டுவிடுங்கள். நாறவில்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

10. பஃபே

முதல் ஆளாகப் போங்கள், கடைசி ஆளாகப் போகாதீர்கள். சூடான வரிசையில் ஆவி பறக்க வேண்டும், குளிர் வரிசையில் ஐஸ் இருக்க வேண்டும். அகப்பையின் பிடி உணவுக்குள் கிடந்தால், அத்தனை பேரின் கையும் உணவுக்குள் கிடக்கிறது என்று பொருள். பாதி காலியான தட்டின்மேல் புதியதைக் கொட்டுகிறார்களா என்று கவனியுங்கள். அப்படிக் கொட்டினால் அடியில் இருப்பதன் வயது யாருக்கும் தெரியாது. தட்டை நிரப்பியபின் கையை இன்னொருமுறை கழுவிவிட்டு உட்காருங்கள்.

11. மிச்சத்தைப் பார்சல் கட்டும் முன்

சமைத்த உணவு அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டிய வெயில் என்றால் ஒரு மணி நேரம். அது உங்கள் மேசைக்கு வந்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். சாப்பிட்டு முடித்து, கடைத்தெருவில் சுற்றி, வண்டியில் பார்சலை வைத்துவிட்டு வீடு போகிறீர்கள் என்றால் கட்டவே வேண்டாம்.

வீட்டில் அகலமான பாத்திரத்தில் பரப்பி உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆழமான டப்பாவில் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். மறுநாள் கொதிக்க ஒரே ஒருமுறை சூடாக்கிச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

12. அப்படியும் வயிறு கெட்டுவிட்டால்

கடைசியாகச் சாப்பிட்ட உணவகத்தைக் குற்றம் சொல்வதுதான் எல்லோரும் செய்வது. கடிகாரத்தைப் பாருங்கள். சாப்பிட்ட அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் திடீர் வாந்தி என்றால் ஸ்டாஃபிலோகாக்கஸ் நஞ்சாகவோ சோற்று நஞ்சாகவோ இருக்கலாம். நோரோவைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம். சால்மொனெல்லாவுக்கு ஆறு மணி நேரம் முதல் ஆறு நாள் வரை. அரைவேக்காட்டுக் கோழியில் வரும் கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்கு இரண்டு முதல் ஐந்து நாள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வெளிப்பட 15 முதல் 50 நாள் ஆகும். ஆகவே இன்று காலை வந்த வயிற்றுப்போக்குக்கு நேற்றைய விருந்து காரணமாக இருக்கலாம், மூன்று நாளைக்கு முந்தையதாகவும் இருக்கலாம்.

முதல் வேலை நீர்ச்சத்து. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். கொஞ்சம் தூள், கண்ணளவு தண்ணீர் என்று கலப்பது தவறு. உப்பு அதிகமானால் கெடுதல். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாந்தி இருந்தால் மடமடவென்று குடிக்காமல் சிறு சிறு வாயாகக் குடிக்க வேண்டும்.

மலத்தில் இரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். வெளியேற வேண்டியது உள்ளே தங்கிவிடும். மீந்த ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். இரத்தம், 39 டிகிரியை ஒட்டிய காய்ச்சல், தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, எழுந்தால் தலைசுற்றல், மூன்று நாளுக்கு மேல் நீளும் பேதி: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றால் இவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

கூடச் சாப்பிட்டவர்களுக்கும் இதே கோளாறு என்றால், உங்கள் ஊரின் உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் உணவகத்திடமும் சொல்லுங்கள். சாப்பிட்ட தேதியும் நேரமும், யார் என்ன சாப்பிட்டார்கள், யாருக்கு எத்தனை மணி நேரத்தில் தொடங்கியது என்று நினைவு மங்கும் முன் எழுதி, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு வராதவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் அதில் சேருங்கள். எல்லோரும் சாப்பிட்டதிலிருந்து அதைக் கழித்தால்தான் காரணமான உணவு எது என்று விசாரிப்பவர்களுக்குப் பிடிபடும்.